1:35 பேந்தர் டாங்கி மாதிரிக்கு உருமறைப்பு வண்ணம் தீட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தனை டாங்கிகள் இருக்க, பேந்தரை எடுத்துக்கொண்டது ஏன்?

ஜெர்மனியின் பேந்தர் டாங்கி 1943 ஜூலையில், இரண்டாம் உலகப் போரின்போது, ரஷ்யாவின் கூர்ஸ்க் போர்க்களத்தில் முதன்முறையாக இறங்கியது. 1945 மே மாதம் போர் முடியும்வரை களத்தில் இருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அதன் உருமறைப்பு வண்ணம் மூன்று விதமாகப் பூசப்பட்டது. முதலில் படைப்பிரிவின் வீரர்களே களத்தில் பூசினார்கள். பிறகு அந்த வேலை தொழிற்சாலைக்குப் போனது. கடைசிக் கட்டத்தில் தொழிற்சாலையும் சிவப்பு பிரைமரின் (துருத்தடுப்பு அடிப்பூச்சு) மேலேயே சிக்கனமாகப் பூசி வண்டியை அனுப்பியது. ஆகவே ஒரே கிட்டைக் (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரிப் பெட்டி) கொண்டு உருமறைப்பின் எல்லா வகைகளையும் பழகிக்கொள்ளலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. மாதிரி செய்பவர்களில் பலர் ஏர்பிரஷ்ஷின் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவி) அழுத்தம் எவ்வளவு, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர் எவ்வளவு என்ற கேள்விகளோடு தொடங்குகிறார்கள். உண்மையான வண்டியில் வண்ணத்தை யார் பூசினார், எந்தக் கருவியால் பூசினார், எந்த நிலைமையில் பூசினார் என்பது தெளிவானால், கோட்டின் அகலமும் விளிம்பின் மென்மையும் வண்ணத்தின் அடர்த்தியும் பெரும்பாலும் அதிலிருந்தே முடிவாகிவிடும். கருவியைப் பற்றிய கேள்வி அதற்கு அடுத்துத்தான் வர வேண்டும்.

ஜெர்மன் டாங்கிகள் சாம்பல் நிறத்தில்தானே இருந்தன?

போரின் முற்பகுதியில் அப்படித்தான் இருந்தன. 1937 முதல் அடர் சாம்பலோடு அடர் பழுப்புத் திட்டுகளும் பூசப்பட்டு வந்தன; 1940 கோடையில் பழுப்பு கைவிடப்பட்டு முழு வண்டியும் சாம்பலானது. வட ஆப்பிரிக்காவுக்கு மட்டும் 1941-லிருந்து மணல் நிறங்கள் தனியாக வகுக்கப்பட்டன. 1943 பிப்ரவரி 18 தேதியிட்ட உத்தரவு இந்த நிலையை மாற்றியது. அன்று முதல் எல்லாக் கவச வண்டிகளுக்கும் அடர் மஞ்சள் அடிவண்ணமாக விதிக்கப்பட்டது. அதன் மேல் பூசுவதற்கு ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டியான பசை வடிவில், 2 கிலோ, 20 கிலோ தகர டப்பாக்களில் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. நிறங்களுக்கு எண் தரும் ஜெர்மனியின் ஆர்ஏஎல் வண்ண அட்டையில் அடர் மஞ்சள் 7028, பச்சை 6003, செம்பழுப்பு 8017 ஆகும்.

அந்தப் பசையைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து, கிடைத்த ஸ்பிரே கன்னாலோ பிரஷ்ஷாலோ வீரர்கள் பூசினார்கள். எவ்வளவு கரைத்தார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறியது; ஆகவே ஒரே படைப்பிரிவின் இரண்டு வண்டிகளிலேயே பச்சை ஒன்றில் அடர்த்தியாகவும் மற்றொன்றில் அடியிலுள்ள மஞ்சள் தெரியும்படி மெலிந்தும் இருக்கும். மாதிரியில் இந்த வேறுபாட்டைக் காட்டத் தயங்க வேண்டாம். சுவருக்குப் பெயின்ட் அடித்ததுபோல ஒரே சீராகப் படிந்த பச்சைதான் 1943-ஆம் ஆண்டு வண்டியில் பொருந்தாமல் நிற்கும்.

அடர் மஞ்சளுக்குச் சரியான நிறம் எந்தப் புட்டியில் இருக்கிறது?

மாதிரி வண்ணங்கள் விற்கும் டமியாவின் எக்ஸ்எஃப்-60 பலருக்கும் பழக்கமானது. வயேஹோ, ஏகே இன்டராக்டிவ், மிஸ்டர் கலர் ஆகியவையும் தத்தம் அடர் மஞ்சளை விற்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பச்சை சாய்ந்தும் ஒன்று காவி சாய்ந்தும் இருப்பதைக் காணலாம். இதில் ஒன்றை மட்டும் சரி என்று அடித்துச் சொல்வதற்கில்லை. போர்க்காலத்தில் வண்ணத்தைத் தயாரித்த ஆலைகள் பல. வெயிலும் மழையும் தூசியும் பட்டு வண்டியின் நிறமும் மாறிக்கொண்டே இருந்தது.

நிறத்தின் பெயரைவிட அதன் வெளிர்மை முக்கியமானது. பேந்தர் குழலோடு சேர்த்து 8.66 மீட்டர் நீளம். 1:35 அளவில் அது ஏறக்குறைய 24.7 செ.மீ. ஆகிறது. மேசையில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மாதிரியைப் பார்ப்பது, உண்மையான வண்டியை 35 மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தொலைவில் நிறம் சற்று வெளிறித் தெரியும் என்பது மாதிரி செய்பவர்கள் பலர் பின்பற்றும் கணக்கு. மேலும், பின்னால் வரவிருக்கும் வாஷ் (இடுக்குகளில் தேங்கும் நீர்த்த அடர் வண்ணம்), ஃபில்டர் (முழுப் பரப்பிலும் பூசும் மிக நீர்த்த வண்ணம்), வார்னிஷ் ஆகிய எல்லாமே நிறத்தை ஒரு படி இருட்டாக்கும். எனவே எக்ஸ்எஃப்-60 உடன் எக்ஸ்எஃப்-57 பஃப் நிறத்தைக் கால் பங்கு அளவுக்குக் கலந்து தொடங்குவது நல்லது. வெறும் வெள்ளையைக் கலந்தால் மஞ்சளின் உயிர் போய்ச் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகிவிடும். பச்சைக்கும் செம்பழுப்புக்கும் இதே முறையில், அந்த அடிவண்ணத்தையே சிறிது கலந்துகொண்டால், மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்.

கோடுகளும் திட்டுகளும் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும்? விளிம்பு எவ்வளவு மங்கலாம்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்பிரே கன்னால் 30 செ.மீ. அகலத்தில் இழுத்த ஒரு பட்டை 1:35 அளவில் சுமார் 8.5 மி.மீ. ஆகும். அந்தப் பட்டையின் விளிம்பு உண்மையில் 5 முதல் 10 செ.மீ. வரை மங்கிப் பரவியிருந்தால், மாதிரியில் அது 1.5 முதல் 3 மி.மீ. வரைதான். விளிம்பு இதற்கு மேல் பரவினால் மாதிரி உடனே பொம்மையாகத் தெரியும். ஏனெனில் நம் கண், தன்னை அறியாமலே, அந்த விளிம்பை வைத்து வண்டியின் அளவை எடைபோடுகிறது. போட்டிகளில் வைக்கப்படும் மாதிரிகளில்கூட, மற்ற வேலை எல்லாம் நேர்த்தியாக இருந்தும், ஒரு விரல் அகலத்துக்குப் பரவிய விளிம்பு அவற்றைக் கெடுத்துவிடுகிறது.

அவ்வளவு மெல்லிய விளிம்பை ஏர்பிரஷ்ஷில் கொண்டுவருவது எப்படி?

0.2 அல்லது 0.3 மி.மீ. நாசில் (வண்ணம் வெளிவரும் முனைத் துளை) உள்ள, காற்றையும் வண்ணத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் வேண்டும். அடிவண்ணத்துக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அழுத்தமும் 8 முதல் 10 செ.மீ. தூரமும் போதும். உருமறைப்புக் கோட்டுக்கு வரும்போது மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்: அழுத்தம் 10 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்க வேண்டும், தூரம் 1 முதல் 2 செ.மீ. ஆக வேண்டும், வண்ணம் ஒரு பங்குக்குத் தின்னர் இரண்டு பங்கு என்ற அளவுக்கு நீர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தொல்லைதான். கெட்டியான வண்ணத்தை அருகில் அடித்தால் புள்ளி புள்ளியாகத் துப்பும். நீர்த்த வண்ணத்தை அதிக அழுத்தத்தில் அருகில் அடித்தால், அது பரப்பில் ஓடி எட்டுக்கால் பூச்சியின் கால்களைப்போல விரிந்துவிடும். குறைந்த அழுத்தத்தில் தள்ளி நின்று அடித்தால் சுற்றிலும் மாவு தூவியதுபோல உலர்ந்த துகள் படியும்.

டரட்டின் (குழல் பொருந்திய, சுழலும் மேல்பகுதி) பக்கச் சுவரில் ஒரு பச்சைப் பட்டையை இழுப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் லிவரை அழுத்திக் காற்றை மட்டும் விட வேண்டும். கை நகரத் தொடங்கிய பிறகே, மயிரிழை அளவுக்கு லிவரைப் பின்னுக்கு இழுத்து வண்ணத்தைத் திறக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் பட்டையின் இரண்டு ஓரங்களை மட்டும் மெல்லிய கோடுகளாக வரைய வேண்டும். அந்தக் கோடு ஏறத்தாழக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வெளிறியிருந்தாலும் பரவாயில்லை. பிறகு ஏர்பிரஷ்ஷின் முனையைப் பட்டையின் உட்புறம் நோக்கிச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நடுப்பகுதியை நிரப்ப வேண்டும். முனை உட்புறம் சாய்ந்திருப்பதால், சிதறும் துகள் பட்டைக்குள்ளேயே விழும். வெளியே மஞ்சள் சுத்தமாக இருக்கும். நிறுத்தும்போது வண்ணத்தை முதலில் மூடி, அதன் பிறகே காற்றை நிறுத்த வேண்டும். காற்றை முதலில் நிறுத்தினால், முனையில் தேங்கிய துளி அடுத்த கோட்டின் தொடக்கத்தில் பொட்டாக விழும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஆங்காங்கே பச்சைத் துகள் மஞ்சளில் படிந்திருக்கும். அடிவண்ணத்தை இன்னும் நீர்க்கக் கரைத்து, அதே 1 செ.மீ. தூரத்தில் விளிம்பை ஒட்டி வெளிப்புறமாக ஒரு கோடு இழுத்தால் அது மறைந்துவிடும். இந்தத் திருத்தத்தைப் பலர் தவிர்க்கிறார்கள். நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

தின்னராக எதைப் பயன்படுத்தலாம்?

டமியா அக்ரிலிக்குக்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னரோ மிஸ்டர் கலரின் லெவலிங் தின்னரோ பொருந்தும். பின்னது மெதுவாக உலர்வதால் மெல்லிய கோட்டுக்கு மிகவும் ஏற்றது. வயேஹோ போன்ற தண்ணீர் அடிப்படையிலான வண்ணத்தில் லாக்கர் (கடுமையான கரைப்பான் அடிப்படையிலான) தின்னரைக் கலந்தால் திரிந்து கட்டிகட்டியாகி நாசிலை அடைத்துவிடும். அதற்கு அதன் சொந்தத் தின்னரே வேண்டும்.

மழைக்காலத்தில் வண்ணம் வெளிறிப் பனி படர்ந்ததுபோல் ஆகிறதே?

காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது, வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரச் செய்கிறது. அங்கே ஈரம் படிந்து வண்ணம் பால்போல வெளுக்கிறது. லாக்கர் வண்ணங்களிலும் லாக்கர் வார்னிஷிலும் இது அதிகம். சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை நகரங்களில் இருப்பவர்கள் மெதுவாக உலரும் தின்னரைப் பயன்படுத்துவதும், கம்ப்ரஸரில் ஈரம் பிரிக்கும் வடிகட்டியைப் பொருத்துவதும், பெருமழை நாளில் மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் அடிக்காமல் இருப்பதும் நல்லது. எந்தப் பருவத்திலும் கரைப்பான் ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியை அணிந்தே லாக்கர் அடிக்க வேண்டும். துணி முகமூடி துகளைக் கொஞ்சம் தடுக்கலாம், ஆவியைத் தடுக்காது.

ஏர்பிரஷ் இல்லாதவர் பேந்தருக்கு வண்ணம் தீட்ட முடியாதா?

தாராளமாக முடியும். களத்தில் பிரஷ்ஷால் பூசப்பட்ட பேந்தர்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் விளிம்பு கூர்மையாகவே தெரிகிறது. அப்படி ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்தால், கையால் தீட்டுவதே வரலாற்றுக்கு மிக நெருக்கமான முறையாகிவிடும். அடிவண்ணத்தை ஸ்பிரே கேனில் அடித்துக்கொண்டு, பச்சையையும் பழுப்பையும் வயேஹோ போன்ற வண்ணத்தில் பால் பதத்துக்குக் கரைத்து, மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாகத் தீட்ட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் முழுதாக உலர்ந்த பிறகே அடுத்தது. சற்று மங்கிய விளிம்பு வேண்டுமென்றால், பஞ்சுபோன்ற ஒப்பனை ஸ்பாஞ்சைக் கிள்ளி எடுத்து, வண்ணத்தில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றி ஏறக்குறைய உலரவிட்டு, பட்டையின் ஓரத்தில் மட்டும் ஒற்ற வேண்டும்.

'அம்புஷ்' (பதுங்கித் தாக்குதல்) என்று சொல்லப்படும் புள்ளிவைத்த வண்ணம் எந்தக் காலத்தது?

1944 ஆகஸ்ட் 19 தேதியிட்ட உத்தரவோடு உருமறைப்பு வண்ணத்தைத் தொழிற்சாலையே பூசும் முறை வந்தது. நூரம்பெர்க்கின் எம்.ஏ.என்., பெர்லினின் டைம்லர்-பென்ஸ், ஹானோவரின் எம்.என்.ஹெச். ஆகிய ஆலைகளில் பேந்தர்கள் தயாராகி வந்தன. நேச நாடுகளின் விமானங்கள் வானத்தை முழுதும் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. மரத்தடியில் பதுங்கி நிற்கும் டாங்கியின் மேல் இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத் துளிகளைப் போலத் தோன்றுவதற்காக, பச்சை, பழுப்புத் திட்டுகளின் மேல் வெளிர் மஞ்சள் புள்ளிகளும், மஞ்சள் பகுதிகளின் மேல் அடர்ந்த புள்ளிகளும் இடப்பட்டன.

இதை மாதிரியில் செய்யும்போது இரண்டு விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். முதலாவது, திட்டுகளின் விளிம்பு இங்கே 1943-ஐவிடக் கூர்மையானது. எனவே மாஸ்கிங் புட்டியை (வண்ணம் படாமல் மறைக்க ஒட்டும் களிமண் போன்ற பசை) உருட்டி விளிம்பில் ஒட்டி அடிக்கலாம். புட்டியை உருளையாக விட்டால் அதன் வளைவுக்கடியில் வண்ணம் சற்றே நுழைந்து மெல்லிய மங்கல் கிடைக்கும். ஓரத்தைப் பல்குச்சியால் அழுத்தித் தட்டையாக்கினால் கூர்மையான விளிம்பு கிடைக்கும். இரண்டாவது, புள்ளிகளை ஏர்பிரஷ்ஷால் தெளிக்கக் கூடாது. உண்மையில் 5 செ.மீ. விட்டமுள்ள புள்ளி மாதிரியில் 1.5 மி.மீ.க்கும் குறைவு; அதை நுனி கெடாத நல்ல பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். வரிசை தெரிய வைத்துவிடாமலும் ஒரே அளவில் வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். டரட்டின் ஒரு பக்கத்தை முடித்ததும் எழுந்து நின்று தள்ளிப் பார்ப்பது அவசியம். கிட்டத்தில் அழகாகத் தெரியும் புள்ளிகள் தூரத்தில் சேலைக் கரையைப்போல ஒழுங்காகத் தெரிந்தால் இடையிடையே சிலவற்றை மறைத்துவிட வேண்டும்.

சிம்மரிட் பூச்சு உள்ள மாதிரிக்கு ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?

காந்தக் கண்ணிவெடி ஒட்டாமல் இருப்பதற்காகப் பூசப்பட்ட வரிவரியான சிம்மரிட் பசை, பேந்தரில் 1943 இலையுதிர் காலத்திலிருந்து 1944 செப்டம்பர் வரை காணப்படுகிறது. ஆகவே சிம்மரிட் உள்ள வண்டிக்கு 1945-இன் வண்ணத்தை அடிப்பதென்றால், அது தப்பிப் பிழைத்த பழைய வண்டி என்பதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். வண்ணம் அடிக்கும்போது ஒரே கோணத்தில் அடித்தால் வரிகளின் ஒரு பக்கத்தில் மட்டும் வண்ணம் படியும்; மேலிருந்தும் கீழிருந்தும் மாறிமாறி அடிக்க வேண்டும். இந்தப் பரப்பில் மாஸ்கிங் டேப் சரியாக ஒட்டாது, புட்டியும் வரிகளுக்குள் சிக்கிக்கொள்ளும், எதையும் ஒட்டி மறைக்காமல் கையால் இழுக்கும் கோடுதான் வழி.

கடைசி மாதங்களின் வண்டிகளில் சிவப்பு நிறம் தெரிகிறதே, அது துருவா?

அது பிரைமர். ஆர்ஏஎல் 8012 என்ற செந்நிறத் துருத்தடுப்புப் பூச்சு ஆலையில் முதலில் அடிக்கப்பட்டது. 1944 இலையுதிர் காலத்திலிருந்து, முழு மஞ்சள் அடிவண்ணத்தைத் தவிர்த்து, அந்தச் சிவப்பின் மேலேயே மஞ்சள், பச்சை, பழுப்புத் திட்டுகளைச் சிக்கனமாகப் பூசினார்கள். சில இடங்களில் பிரைமர் அப்படியே வெளியே தெரிந்தது. போரின் கடைசிக் கட்டத்தில் பச்சையே அடிவண்ணமாகவும் வந்தது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பிரைமரைத் திறமையாக அடிப்பதே பாதி வேலை. அதுவும் உருமறைப்பில் ஒரு நிறமாகவே கண்ணுக்குத் தெரியப்போகிறது. ஆகவே மற்ற நிறங்களுக்குத் தந்த அதே வெளிர்மையை அதற்கும் தர வேண்டும்.

பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்திலிருந்து நிறத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

திட்டின் வடிவத்தையும் அகலத்தையும் விளிம்பையும் உறுதியாக எடுக்கலாம். நிறத்தை அப்படி எடுக்க முடியாது. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். படத்தில் இரண்டு தொனிகள் மட்டும் தெரிகின்றன என்பதால் வண்டியில் இரண்டு நிறங்கள் மட்டுமே இருந்தன என்று முடிவுகட்டுவது தவறு. படத்தின் இடமும் மாதமும் தெரிந்தால் அதுவே நல்ல துணை: 1943 கோடையின் புல்வெளியில் பச்சையை எதிர்பார்க்கலாம்.

சக்கரங்கள், சங்கிலிப் பட்டை, பக்கத் தகடுகளிலும் உருமறைப்பு தொடர வேண்டுமா?

களத்தில் பூசிய வண்டியில் ஸ்பிரே கன் பக்கச்சுவரிலிருந்து சக்கரங்களுக்கும் தாண்டிச் சென்றிருக்கலாம்; ஆனால் வண்டி நகர்ந்ததும் சக்கரங்கள் சுழன்று திட்டுகள் இடம் மாறிவிடும். எனவே சக்கரத்தில் திட்டு உண்டென்றால் அது மேலேயுள்ள திட்டோடு நேராகப் பொருந்தக் கூடாது. பக்கத் தகடுகள் அடிக்கடி கழன்று விழுந்தன. ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றியும் மாட்டினார்கள். ஒரு தகட்டில் மட்டும் கோடு பொருந்தாமல் இருப்பது இயல்பானதே. சங்கிலிப் பட்டைக்கு உருமறைப்பு வேண்டாம்.

டெக்கால் (நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள்), வாஷ், வார்னிஷ் ஆகியவற்றை எந்த வரிசையில் செய்வது?

உருமறைப்பு வண்ணம் ஒரு நாள் முழுதும் உலர்ந்த பிறகு கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ், அதன் மேல் எண்களும் சிலுவைச் சின்னமும் உள்ள டெக்கால், மீண்டும் மெல்லிய கிளாஸ், பிறகு வாஷ், கடைசியில் மேட் வார்னிஷ். மேட் பரப்பின் மேல் நேரடியாக டெக்கால் ஒட்டினால் அதன் அடியில் காற்று சிக்கி வெள்ளி நிறத்தில் பளபளக்கும்.

மூன்று நிறங்களும் ஒன்றுக்கொன்று அந்நியமாக நின்றால், வெளிர் காவி நிற எண்ணெய் வண்ணத்தை ஒயிட் ஸ்பிரிட்டில் மிகவும் நீர்க்கக் கரைத்து முழு வண்டிக்கும் ஒரு ஃபில்டராகப் பூசலாம். இது பச்சையையும் பழுப்பையும் மஞ்சளின் பக்கம் சற்றே இழுத்து ஒன்றுசேர்க்கும்.

குளிர்கால வெள்ளையை உருமறைப்பின் மேல் எப்படிப் பூசுவது?

உண்மையில் அது எளிதில் கழுவிவிடக்கூடிய சுண்ணாம்பு போன்ற பூச்சு. வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் தேய்ந்தது. மூன்று நிற வேலை முடிந்து வார்னிஷ் அடித்த பின் சாதாரண ஹேர் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்து உலரவிட்டு, அதன் மேல் டமியாவின் எக்ஸ்எஃப்-2 வெள்ளையைச் சீரில்லாமல் அடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீரால் நனைத்து, கட்டையான பிரஷ்ஷால் தேய்த்தால், ஹேர் ஸ்பிரே கரைந்து வெள்ளை உரியும். லாக்கர் வெள்ளை இதற்கு உதவாது. தண்ணீர் அதற்குள் புகாது.

மற்ற நாட்டு டாங்கிகளுக்கும் இதே முறைதானா?

கோடு யாருடைய கையால் வந்தது என்று கேட்கும் முறை அதேதான், விடை மாறும். 1940, 1941-இல் எகிப்திலும் லிபியாவிலும் போரிட்ட பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகளுக்கு, பிரிகேடியர் கான்டரின் பெயரால் அறியப்படும் நேர்கோட்டு வண்ணம் வரைபடத்தின்படி பூசப்பட்டது. அங்கே விளிம்பு முழுக்க முழுக்கக் கூர்மையானது. மாஸ்கிங் டேப் இல்லாமல் ஆகாது. அந்த வண்ணத்தின் நடுநிறத்தைப் பல கிட் பெட்டிகள் வானநீலமாகக் காட்டி வந்தன. அது பச்சை சாய்ந்த வெள்ளிச் சாம்பல் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

1980-களின் நடுவில் மேற்கு ஜெர்மனி ஏற்ற நேட்டோ மூவண்ணத்தில் வெண்கலப் பச்சை 6031, தோல் பழுப்பு 8027, தார்க் கறுப்பு 9021 ஆகியவை வருகின்றன. ஒரே வகை வண்டிகள் அனைத்துக்கும் ஒரே வரைபடம் என்பதால், ஜெர்மனியின் லெபார்டு 2 டாங்கி மாதிரியில் திட்டின் இடத்தை உங்கள் விருப்பத்துக்கு நகர்த்த முடியாது. வரைபடத்தை 1:35 அளவுக்கு அச்சிட்டு, கோடுகளைப் பென்சிலால் மாற்றி, புட்டியால் மறைத்து அடிப்பதே சரியான வழி. இதில் கறுப்பை நேராக வண்ணக் குப்பியிலிருந்து எடுத்து அடிக்காமல் அடர் சாம்பல் கலந்து அடிக்க வேண்டும். இல்லையென்றால் அந்தத் திட்டுகள் வண்டியில் ஓட்டை விழுந்ததுபோலத் தெரியும்.